பழைய பெரிய கடல்நீர்த் தொட்டியை வாங்கி வீட்டில் வைப்பது எப்படி: காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக்காரர்களுக்கு

"ஆறடித் தொட்டி, ஸ்டாண்டு, சம்ப், சில்லர், லைட் எல்லாம் சேர்த்துப் பாதி விலை, மாற்றலாகிப் போகிறோம், இந்த வாரமே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று யாராவது சொன்னால் கை பரபரக்கத்தான் செய்யும். (சம்ப் என்பது தொட்டிக்குக் கீழே தண்ணீரை வடிகட்டும் சின்னத் தொட்டி, சில்லர் தண்ணீரைக் குளிரவைக்கும் மெஷின்.) அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். சென்னை, கொச்சி ஆட்கள் சொல்வதை அப்படியே இங்கே செய்ய முடியாது. நம் வெயில் வேறு, நம் வீடுகளின் தரை வேறு, கேட்ட பொருளை உடனே எடுத்துத் தரும் கடையும் பக்கத்தில் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் அலைந்து, விசாரித்துத் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். இதில் வரிசைதான் முக்கியம். இடம், கரண்ட், தண்ணீர் மூன்றும் தயாரான பிறகு, கடைசியாகத்தான் தொட்டி வீட்டுக்குள் வர வேண்டும். பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. தொட்டி முதலில் வந்துவிடும், கூடவே விற்றவரின் மீனும் வந்துவிடும், அதற்கப்புறம் எல்லாமே அவசரம். அந்த அவசரத்தில் மீனும் சாகிறது, பணமும் போகிறது.

கணக்குப் புரிவதற்காக 6×2×2 அடித் தொட்டியை வைத்தே சொல்கிறேன். விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 680 லிட்டர் பிடிக்கும்.

1. இடம்: தரைத்தளம் மட்டும்தான்

12 மில்லி கண்ணாடியில் செய்த வெறும் தொட்டியே 120 கிலோ வரும். தண்ணீர், கல், மணல், ஸ்டாண்டு, கீழே இருக்கும் சம்ப் எல்லாம் சேர்ந்தால் ஒரு டன்னைத் தாண்டும். அத்தனையும் 12 சதுர அடியில் நிற்கிறது, அதாவது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 கிலோ. இன்றைக்குக் கட்டும் வீடுகளின் மாடித் தளத்தையே சதுர மீட்டருக்கு 200 கிலோ என்ற கணக்கில்தான் வடிவமைக்கிறார்கள். பழைய வீட்டு மெத்தையில், அதாவது மாடியில், வைக்கலாமா என்ற பேச்சே வேண்டாம். தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து ஒட்டிய தளம் அது. நூறு வருஷமாக நிற்கிறது என்பதற்காக இதையும் தாங்கும் என்று நம்ப முடியாது.

தரைத்தளத்திலும் பார்க்க வேண்டியது இருக்கிறது. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் அடித்தளத்தை உயர்த்தி, உள்ளே மண் நிரப்பி, அதன் மேல் ஆத்தங்குடிக் கல் பதித்திருப்பார்கள். தொட்டி நிற்கப் போகும் இடத்தில் சுத்தியல் பிடியால் ஒவ்வொரு கல்லாக மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். அடியில் கெட்டியாக இருந்தால் சத்தம் இறுக்கமாக வரும். மண் இறங்கியிருந்தால் வெறும் குடத்தைத் தட்டியதுபோல் கேட்கும். அப்படிக் கேட்டால் இடத்தை மாற்றுங்கள், அல்லது கொத்தனாரை வைத்துக் கற்களை எடுத்து, அடியில் காங்கிரீட் போட்டு, மறுபடி பதியச் சொல்லுங்கள். அதற்கு ஒரு மாதம் காயவிட வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஸ்டாண்டுக் கால்களை நேரே கல்லின் மேல் ஊன்றாதீர்கள். அகலமான இரும்புத் தகடு, அதற்கடியில் ரப்பர் ஷீட் வேண்டும்.

ஆத்தங்குடிக் கல் சிமெண்டுக் கல். உப்புத் தண்ணீர் சிந்தி ஊறினால் வெள்ளையாக உப்புப் பூத்து நிறம் மங்கிவிடும், அப்புறம் எவ்வளவு தேய்த்தாலும் பழைய பளபளப்பு வராது. ஸ்டாண்டுக்கு அடியிலிருந்து சுற்றிலும் ஓரடி வெளியே வருமாறு ஒரு கனமான விரிப்பு போட்டுவிடுங்கள். தரையைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைக்கும் வழக்கம் இருந்தால் தொட்டி இருக்கும் பக்கம் மட்டும் அதை நிறுத்தச் சொல்லுங்கள். எண்ணெய்க் கையைத் தண்ணீருக்குள் விட்டால், அழுக்கை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மர் நுரைப்பது நின்றுவிடும்.

முற்றத்தை ஒட்டி வளவில் வைத்தால் பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் வெயில் சாய்ந்து விழும், ஐப்பசி மழையில் சாரல் அடிக்கும். நேர் வெயில் பட்டால் தண்ணீரும் சூடாகும், பாசியும் மண்டும். உள் அறை அல்லது பட்டாலையின் நிழலான சுவர்தான் சரி. சுண்ணாம்புச் சுவரிலிருந்து ஓரடியாவது தள்ளி வையுங்கள், உப்புத் துளி தெறித்துக்கொண்டே இருக்கும்.

2. சம்மதம்

பொது வீடென்றால் அறைகள் புள்ளிவாரியாக (குடும்பவாரியாக) பிரிந்திருக்கலாம், ஆனால் வளவும் பட்டாலையும் பங்காளிகள் எல்லோருக்கும் பொது. கல்யாணம், படைப்பு என்று வந்தால் அந்த இடம் முழுக்கத் தேவைப்படும். நிரப்பிய தொட்டியை யாராலும் ஓரமாகத் தள்ளி வைக்க முடியாது. ஆகவே உங்கள் பங்கு அறைக்குள் வைப்பதே உத்தமம். வாடகை வீடென்றால் எடை எவ்வளவு, எந்த இடம் என்று எழுதி வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். காலி செய்யும்போது தரையைப் பற்றிய பேச்சு கட்டாயம் வரும்.

3. வெயிலும் கரண்ட் பில்லும்

கடல் மீனுக்கு 25 முதல் 27 டிகிரி வரை இருந்தால் நல்லது. சித்திரை, வைகாசியில் இங்கே வெளியே 38 டிகிரிக்கு மேல் போகிறது. தொட்டி வாங்குவதற்கு முன்பே ஒரு வாளித் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு அந்த இடத்திலேயே ஒரு வாரம் வைத்துப் பாருங்கள், மாலை நான்கு மணிக்கு என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பம்புகளின் சூட்டுக்கு அதன் மேல் இரண்டு டிகிரி சேருங்கள். வருகிற எண் 28-க்கு மேல் என்றால் சில்லர் இல்லாமல் முடியாது. ஃபேன் வைத்துச் சமாளிக்கலாம் என்பார்கள். இரண்டு மூன்று டிகிரி குறையும், உண்மைதான், ஆனால் தண்ணீர் அந்த அளவுக்கு ஆவியாகும், சித்திரை வெயிலுக்கு அது காணாது. சில்லர் வெளியே தள்ளும் அனல் காற்று அதே அறைக்குள் சுற்றினால் பயனில்லை, முற்றத்தின் பக்கம் போகிற மாதிரி வையுங்கள்.

கரண்ட் கணக்கு இது: அரை குதிரைத்திறன் சில்லர் கோடையில் நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடினால் நான்கு யூனிட்டுக்கு மேல். சம்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப், ஸ்கிம்மர், தொட்டிக்குள் அலை எழுப்பும் வேவ்மேக்கர் மூன்றும் சேர்ந்து 100 வாட் என்றாலும் 24 மணி நேரமும் ஓடுவதால் 2.4 யூனிட். லைட்டுக்கு ஒன்றேகால். ஆக நாளைக்கு எட்டு யூனிட், இரண்டு மாத பில்லில் 480 யூனிட் இதற்கு மட்டும். நம் ஊர்க் கட்டணத்தில் 500 யூனிட்டைத் தாண்டிய உடனே கணக்கிடும் முறையே மாறிக் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் விலை கூடிவிடும். வீட்டுச் செலவோடு சேர்த்தால் தாண்டாமல் இருக்க வழியே இல்லை. பில் எவ்வளவு வரும் என்று வீட்டில் எல்லோரும் முன்னமே தெரிந்துகொள்வது நல்லது.

மரச்சட்டத்தில் ஓடும் பழைய ஒயரிங்கில் இதைச் செருகாதீர்கள். மீட்டரிலிருந்து தனி லைன், சரியான எர்த், கரண்ட் கசிந்தால் உடனே வெட்டிவிடும் 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. ஒன்று. உப்பு நீரும் கரண்டும் சேரும் இடம் அது, இந்தச் செலவைக் குறைக்கவே கூடாது. பிளக் பாயிண்ட் தொட்டிக்கு நேர் கீழே வேண்டாம். ஒயரைக் கொஞ்சம் தொங்கவிட்டு மேலே ஏற்றிச் செருகினால் வழியும் துளி பிளக்குக்குப் போகாது.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் எடுத்தால் மாலை வரை கரண்ட் வராத நாட்கள் உண்டு. சில்லரை இன்வெர்ட்டரில் ஓட்ட நினைக்காதீர்கள், ஒரு வேவ்மேக்கரோ ஏர் பம்போ ஓடினால் போதும். மீன் முதலில் மூச்சுக்குத்தான் திணறும், சூடு மெதுவாகத்தான் ஏறும்.

4. தண்ணீர், உப்பு

காரைக்குடிச் சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்க எவ்வளவு ருசியோ, அதை அப்படியே இந்தத் தொட்டியில் ஊற்ற முடியாது. டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, பூஜ்யத்துக்கு வர வேண்டும். வீட்டில் உள்ள ஆர்.ஓ. மெஷின் குடிப்பதற்காகத் தாது உப்பைக் கொஞ்சம் விட்டுத்தான் கொடுக்கும், அந்த வால்வை மூடி, கடைசியில் மிச்ச உப்பையும் எடுக்கும் ஒரு டி.ஐ. ரெசின் குப்பி சேர்க்கச் சொல்லுங்கள். மெஷின் மணிக்குப் பத்துப் பதினைந்து லிட்டர்தான் தரும், முதல் நிரப்பலுக்கு மூன்று நான்கு நாளாகும். மழைத் தண்ணீர் பிடிக்கலாமே என்று தோன்றும். தகரத் தூம்பு வழியாக வரும் தண்ணீரில் துத்தநாகம் கரைந்து வரும், வேண்டாம்.

தொண்டி பக்கம்தானே, கடல் தண்ணீரையே டேங்கரில் கொண்டு வரலாம் என்று நிறையப் பேர் சொல்வார்கள். பாக் நீரிணை ஆழமில்லாத கடல், கலங்கிய தண்ணீர், கரையோரம் படகு டீசல் மிதக்கும், வடகிழக்குப் பருவமழையில் உப்பின் அளவே இறங்கிப்போகும். வடிகட்டி, இருட்டில் வாரக்கணக்கில் வைத்துப் பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். முதன்முறை வைப்பவருக்கு நான் சொல்ல மாட்டேன். தூத்துக்குடிக் கல்லுப்பும் உதவாது. உப்பளத்தில் சோடியம் குளோரைடு படிகமானதும் மெக்னீசியம் உள்ள மீதி நீரை வடித்துவிடுகிறார்கள், மீனுக்கும் கல்லுக்கும் வேண்டியது அதில்தான் போகிறது. மெரைன் சால்ட் என்றே வாங்குங்கள். லிட்டருக்கு 35 முதல் 38 கிராம் வரை பிடிக்கும், முதல் நிரப்பலுக்கு 25 கிலோ ஆகும். 20 கிலோ மூட்டை பிராண்டைப் பொறுத்து மூவாயிரத்திலிருந்து எட்டாயிரம் ரூபாய் வரை இருக்கிறது. அதன் பிறகு பதினைந்து நாளைக்கு ஒருமுறை பத்து சதவீதம் தண்ணீர் மாற்ற, மாதம் ஐந்து கிலோ.

5. தொட்டியைப் பார்க்கப் போகும்போது

தண்ணீர் நிரம்பி ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். வடித்துக் காயப்போட்ட தொட்டி கசியுமா என்று யாராலும் சொல்ல முடியாது.

மூலைகளில் உள்ள சிலிக்கானை நகத்தால் அழுத்திப் பாருங்கள். ரப்பர்போல் திரும்பி எழுந்தால் நல்லது. நகம் பதிந்து நின்றாலோ, ஓரத்தில் உரிந்து நாராக வந்தாலோ, கண்ணாடிகள் சேரும் இடத்தில் குமிழ்குமிழாக வெள்ளை தெரிந்தாலோ முழுவதும் பிரித்து ஒட்ட வேண்டியிருக்கும். பழைய சிலிக்கான் மேல் புதியது ஒட்டாது, மேலே ஒரு கோடு இழுத்தால் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஸ்டாண்டின் வெல்டிங் மூட்டுகளில் துரு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டிப் பாருங்கள்.

சில்லரை உங்கள் கண் முன்னால் ஓட்டச் சொல்லுங்கள். செட்டில் அதிக விலை அதற்குத்தான். ஒரு பெரிய வாளித் தண்ணீரைச் சுற்றவிட்டால் அரை மணி நேரத்தில் தெளிவாகக் குளிர வேண்டும். உள்ளே காயில் டைட்டானியமா என்று மாடல் எண்ணை வைத்துச் சரிபாருங்கள். ரிட்டர்ன் பம்பையும் ஒருமுறை நிறுத்தச் சொல்லுங்கள். மேலிருந்து வடியும் தண்ணீர் முழுவதையும் சம்ப் வாங்கிக்கொள்ள வேண்டும். வழிந்தால், கரண்ட் போகும்போதெல்லாம் உங்கள் தரையில் வழியும்.

அப்புறம் ஒரு கேள்வி, கட்டாயம் கேட்க வேண்டியது: தொட்டிக்குள் எப்போதாவது செம்பு கலந்த மருந்து ஊற்றினீர்களா? வெள்ளைப் புள்ளி நோய்க்கு ஊற்றுவார்கள். கல்லும் மணலும் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல விடும், இறாலும் நத்தையும் பிழைக்காது. காப்பர் டெஸ்ட் கிட் ஒன்று கையில் கொண்டுபோங்கள்.

விலையைப் பொறுத்தவரை, செட்டுக்கு எவ்வளவு கொடுக்கிறீர்களோ அதே அளவு இன்னொரு தொகை கையில் இருந்தால் மட்டும் இறங்குங்கள். ஒயரிங், ஆர்.ஓ., உப்பு, டெஸ்ட் கிட், வண்டி, ஆள்கூலி என்று அது கரைந்துவிடும்.

6. காகிதம், சட்டம்

இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, ஆனால் மாட்டினால் மீள முடியாத இடம் இதுதான். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் கல்போன்ற பவளங்கள் எல்லாமும், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவையும் இருக்கின்றன. புலியும் அதே அட்டவணையில்தான். உயிரோடு இருந்தாலும் காய்ந்து போனதாக இருந்தாலும் வைத்திருப்பதே குற்றம், மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. மன்னார் வளைகுடா நமக்குப் பக்கம் என்பதால் "கரையில் ஒதுங்கிய கல்லுதான், ஒன்றும் ஆகாது" என்று லைவ் ராக் (பாக்டீரியா வாழும் பவளக்கல்) மூட்டையைக் குறைந்த விலைக்குக் கொடுக்க ஆள் வருவார்கள். வாங்காதீர்கள். சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. அந்தப் பவளப்பாறைகளை ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காக வெட்டியே பெருமளவு அழித்துவிட்டார்கள், மிச்சம் இருப்பது கடலிலேயே இருக்கட்டும்.

விற்பவர் தொட்டியில் பவளம் இருந்தால் அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் வாங்குங்கள். வெளிநாட்டு இனம் என்று சொன்னாலும், 2022-இல் சட்டம் திருத்தப்பட்டு 2024-இல் விதிகள் வந்த பிறகு, சைட்டிஸ் (அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகம் பற்றிய சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள உயிரினங்களை வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும், கைமாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். பதிவு இல்லையென்றால் தொடாதீர்கள். சந்தேகம் இருந்தால் மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

வெள்ளைத் தாளில் ஒரு விற்பனைச் சீட்டு எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். தொட்டி அளவு, சில்லரின் சீரியல் எண், மீன்களின் பெயரும் எண்ணிக்கையும், பவளம் எதுவும் கைமாறவில்லை என்ற ஒரு வரி, பணம் கொடுத்த தேதி எல்லாம் அதில் இருக்கட்டும். பழைய பில்கள் இருந்தால் அவற்றையும் கேட்டு வாங்குங்கள். பின்னால் வாங்கும் ஒவ்வொரு மீனுக்கும் கடை பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

7. ஏற்றி இறக்குவது

மதுரையோ திருச்சியோ, எங்கிருந்து வந்தாலும் குட்டி யானை போதும், ஆனால் தட்டில் தெர்மாகோல் ஷீட் விரித்து, தொட்டியை நிற்கும் நிலையிலேயே கொண்டு வர வேண்டும். படுக்கவைத்தால் மூட்டு விட்டுப்போகும். ஒரு சொட்டுத் தண்ணீரோ ஒரு கைப்பிடி மணலோ உள்ளே வைத்துத் தூக்கக் கூடாது. ஆறு பேர் வேண்டும். காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு நிலைக்கதவும் பெல்ஜியம் கண்ணாடியும் தூக்கிப் பழகிய ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கூப்பிடுங்கள். கண்ணாடியை எங்கே பிடிக்க வேண்டும் என்று சொல்லித் தரத் தேவையில்லை. திண்ணைப் படி, நிலைப்படி, உள் நிலையின் அகலம் எல்லாவற்றையும் முதல் நாளே டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

கல்லைத் தொட்டித் தண்ணீரிலேயே மூழ்கவைத்து வாளிகளில் கொண்டு வந்தால் அதில் உள்ள பாக்டீரியா பிழைக்கும். பழைய மணலை அங்கேயே விட்டுவிடுங்கள். கிளறினால் அடியில் தேங்கிய அழுக்கும் நச்சு வாயுவும் வெளியே வரும், புது மணல் 50 கிலோவின் விலை அதைவிடக் குறைவு. மீன்களை அன்றே எடுத்து வராதீர்கள். விற்பவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் கடைக்குக் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

8. கழுவி, கசிவு பார்ப்பது

சோப்பு, பினாயில், திராவகம் எதுவும் வேண்டாம். வினிகரோ சிட்ரிக் அமிலமோ தடவி ஊறவிட்டால் கண்ணாடியில் படிந்த சுண்ணாம்பு இளகிவிடும். பிறகு இடத்தில் வைத்து, கொத்தனாரின் டியூப் மட்டத்தால் நான்கு மூலையும் பாருங்கள், ரசமட்டம் ஆறடிக்குப் போதாது. அடியில் தெர்மாகோல் வைத்து, முதல் நாள் கால்வாசி, மறுநாள் பாதி, அடுத்த நாள் முழுவதும் என்று குழாய்த் தண்ணீரால் நிரப்பி ஒரு வாரம் விடுங்கள். மூட்டுகளுக்கு அடியில் செய்தித்தாள் விரித்து வைத்தால் ஒரு சொட்டு விழுந்தாலும் தெரியும்.

9. உப்பு நீர், பிறகு காத்திருப்பு

ஆர்.ஓ. தண்ணீரில் உப்பைக் கரைத்து, பம்ப் ஓடவிட்டு, மறுநாள் அளந்து பாருங்கள். அடர்த்தி 1.026, அதாவது உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு. உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 என்று குறித்த கரைசலால் சரிசெய்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். பிறகு கல், மணல். அதன் மேல் அம்மோனியாவைக் கொஞ்சம் கொடுத்துவிட்டு விளக்கை அணைத்து வையுங்கள். அம்மோனியா நைட்ரைட்டாகி, அது நைட்ரேட்டாகும் சுழற்சி நிலைக்க நான்கு முதல் ஆறு வாரம். ஊற்றிய அம்மோனியா 24 மணி நேரத்தில் பூஜ்யமாகி, நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டினால் முடிந்தது. தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று இரண்டாம் வாரமே மீன் விடச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது.

10. மீன்

முதலில் இரண்டு கோமாளி மீன். பண்ணையில் பொரித்ததா என்று கேட்டு வாங்குங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இதற்கான முறையை உருவாக்கிப் பல வருஷமாகிறது, கடலில் பிடித்ததைவிட அவை நன்றாகத் தீனி எடுக்கும். புதிதாக வரும் எதையும் தனிச் சின்னத் தொட்டியில் ஒரு மாதம் வைத்துப் பார்த்த பிறகே பெரிய தொட்டிக்கு. அடுத்த மீன் இரண்டு வாரம் கழித்து. மூரிஷ் ஐடல் அழகுதான், ஆனால் தீனி எடுக்காமலே மெலிந்து சாகும், அதை விட்டுவிடுங்கள்.

கொசுவுக்கு ஸ்ப்ரே அடிக்காதீர்கள், ஸ்கிம்மர் காற்றோடு அதையும் உள்ளே இழுக்கும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது தொட்டியை முழுவதும் மூடிவிடுங்கள், சுண்ணாம்பு விழுந்தால் பிஹெச் ஏறிவிடும்.

11. ஊரில் இல்லாதபோது

நம்மில் பலர் பாதி நாள் சென்னையில், மீதி நாள் இங்கே. இந்தத் தொட்டிக்குத் தினமும் ஒருவர் வேண்டும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே இருக்கும். ஆகவே குறைவதை உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்குச் சம்ப்பில் ஒரு டேப் ஒட்டிக் கோடு காட்டுங்கள், தண்ணீர் எந்தக் கேனிலிருந்து என்று பெயிண்டில் எழுதிவையுங்கள். தீனியை நாள் வாரியாகச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்து, டப்பாவை நீங்கள் எடுத்துக்கொண்டு போங்கள், பாசத்தில் அள்ளிப் போட்டுவிடுவார்கள். காலையும் மாலையும் தெர்மாமீட்டரைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். 29 காட்டினால் மூடியைத் திறந்து ஃபேனைப் போட வேண்டும், சில்லர் மெக்கானிக்கின் எண்ணை ஸ்டாண்டுக் கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள்.